சர் பட்டத்தைத் துறந்த மதுரை நீதிபதி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் மானாவாரி நிலம். வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் நின்றால் நெல் போடலாம். நிற்காவிட்டால் கம்பும் சோளமும் வரகும் குதிரைவாலியும்தான். கரிசல் மண் இருக்கும் இடத்தில் பருத்தி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில் அது மணல் ஆறு.

19-ம் நூற்றாண்டில் இந்த ஊர்கள் எல்லாம் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. 1803-ம் ஆண்டில் கும்பெனி சர்க்கார் ராணி மங்களேசுவரி நாச்சியாருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தது. ஆண்டுதோறும் இவ்வளவு ரூபாய் சர்க்காருக்குக் கட்டிவிட வேண்டும். பிறகு குடிகளிடம் வரி வாங்கிக்கொள்வது ஜமீனின் பொறுப்பு. இதுதான் ஏற்பாடு.

அந்தச் சாசனம் சர்க்காருக்கும் ஜமீனுக்கும் இடையே எழுதியது. வெயிலில் நின்று உழுகிறவனின் பெயர் அதில் இல்லை. தாத்தா உழுதார், தகப்பன் உழுதார், மகன் உழுகிறான். ஆனாலும் அந்த நிலம் அவனுக்குச் சொந்தமா, அல்லது ஆண்டுக்கு ஆண்டு ஜமீன் தயவில் இருக்கிறானா? ஜமீன் அதிகாரி ஒரு நாள் வந்து, இனி நீ உழ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் போய்விட வேண்டியதுதானா?

இந்தக் கேள்விக்குச் சென்னை ஐகோர்ட்டில் தெளிவாகப் பதில் சொன்னவர் மதுரையைச் சேர்ந்த ஒரு நீதிபதி. அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? அதே இராமநாதபுரம் ஜமீனுக்கு வக்கீலாக இருந்தவர்!

அந்த நீதிபதிதான் சர் எஸ்.சுப்பிரமணிய அய்யர். மணி அய்யர் என்று அழைப்பார்கள். (சங்கீத வித்வான் மதுரை மணி அய்யர் வேறு. அவர் பிறந்தது 1912-ம் ஆண்டில். அவருடைய இயற்பெயரும் சுப்பிரமணியம் என்பதால் பலரும் குழம்புவது உண்டு.)

குமாஸ்தா வேலை

சுப்பிரமணிய அய்யர் 1842-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பெயர் சூறாவளி சுப்பய்யர். பெயரைக் கேட்டாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்கலாம். ஜமீன் விவகாரங்களை மதுரையில் இருந்து அவர் கவனித்து வந்தார்.

மகனுக்கு 2 வயதானபோது தகப்பனார் இறந்துவிட்டார்.

பையன் மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்திலும், பிறகு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் இங்கிலீஷ் படித்தான். படிப்பு முடிந்ததும் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குப் போனான். அந்தக் காலத்தில் அது பெரிய உத்தியோகம். வாழ்நாள் முழுவதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பென்ஷன் வாங்கியவர்கள் ஏராளம்.

சுப்பிரமணிய அய்யருக்கு அது போதவில்லை. பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் படிப்பு. கல்லூரிக்குப் போக வசதி இல்லை. தாமாகவே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு எப்.ஏ. தேறினார். 1868-ம் ஆண்டில் பி.எல். பட்டமும் பெற்றார். மறு ஆண்டில் வக்கீல் ஆனார். அப்போது அவருக்கு வயது 27.

கோர்ட்டுகள் பெருகி வந்த காலம் அது. சட்டம் படித்தவர்களும், படிக்காமலே சட்டம் தெரிந்தவர்களும் தென்பாண்டி நாட்டில் முன்னுக்கு வந்தார்கள். திருச்சுழியிலேயே அப்படி ஒருவர் இருந்தார். சிறு சம்பளத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தவர் சுந்தரம் அய்யர். மனு எழுதிக் கொடுத்து, பிறகு வக்கீல் தொழில் செய்து அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் எடுத்தார். 1879-ம் ஆண்டில் அவருக்குப் பிறந்த மகன்தான் ரமண மகரிஷி.

மதுரையில்

மதுரை கோர்ட்டில் சுப்பிரமணிய அய்யர் 15 ஆண்டுகளுக்கு மேல் வக்கீலாக இருந்தார். ஜமீன் வழக்குகள், கோவில் வழக்குகள், பாகப்பிரிவினை வழக்குகள் என்று மதுரை கோர்ட்டில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. நகரசபை அங்கத்தினராகவும் கோவில் கமிட்டி அங்கத்தினராகவும் இருந்து பொதுக் காரியங்களைக் கவனித்தார்.

வேறு ஒரு பஞ்சம் வந்தது. 1876-ம் ஆண்டில் மழை பொய்த்தது. 1878-ம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் அது. மதுரை, இராமநாதபுரம் சீமையிலும் மக்கள் சோற்றுக்குத் தவித்தார்கள். மானாவாரி பூமியில் ஒரு மழை தவறினாலே கஷ்டம். இரண்டு ஆண்டு தவறினால் என்ன ஆகும்?

பஞ்சத்தைப் பற்றி விசாரிக்க சர்க்கார் ஒரு கமிஷனை அமைத்தது. அந்தக் கமிஷன் முன்பு சுப்பிரமணிய அய்யர் சாட்சி சொன்னார். நிலத்தின் சொந்தக்காரருக்கும் உழுகிறவருக்கும் இடையே உள்ள உறவு சீர்ப்பட வேண்டும் என்று யோசனைகள் கூறினார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு இதே விஷயம் அவருடைய மேஜைக்கே வந்தது.

சட்டசபையில்

1884-ம் ஆண்டில் அவர் சென்னை சட்டசபை அங்கத்தினர் ஆனார். தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி அல்ல. அப்போது ஓட்டும் இல்லை, தேர்தலும் இல்லை. கவர்னர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர்தான் அங்கத்தினர். சபையில் பெரும்பாலோர் வெள்ளைக்கார அதிகாரிகள். இந்தியர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். சர்க்கார் கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேசலாம். சர்க்காரைக் கேள்வி கேட்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்க முடியாது.

இப்படி ஒரு சபையில் உட்கார்ந்திருப்பதைக் கவுரவமாக நினைத்துச் சும்மா இருந்தவர்களும் உண்டு. சுப்பிரமணிய அய்யர் அப்படி இருக்கவில்லை.

1885-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் முதலாவது காங்கிரஸ் மகாசபை கூடியது. நாடெங்கிலும் இருந்து போனவர்கள் 72 பேர். சென்னை மாகாணத்தில் இருந்து போனவர்களில் சுப்பிரமணிய அய்யரும் ஒருவர். சட்டசபைகளை விரிவுபடுத்த வேண்டும், அவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் இருக்க வேண்டும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் வந்தது. அதை ஆதரித்து அவர் பேசினார். சட்டசபையில் உள்ளே இருந்து பார்த்தவர் அல்லவா? அந்தச் சபையில் எது இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஐகோர்ட்டில் பெயர் பெற்றார். 1888-ம் ஆண்டில் சென்னையில் சர்க்கார் வக்கீல் பதவி கிடைத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

1895-ம் ஆண்டு ஜனவரியில் ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான சர் டி.முத்துசாமி அய்யர் காலமானார். தெரு விளக்கில் படித்து நீதிபதி ஆனவர் என்று இன்றும் சொல்லப்படுகிறவர் அவர். காலியான அந்த இடத்துக்குச் சுப்பிரமணிய அய்யர் வந்தார்.

நிலம் யாருக்கு?

இனி அந்த வழக்குக்கு வருவோம்.

ஜமீன் கிராமங்களில் விளைச்சலை இரண்டு பங்காகப் பார்ப்பது வழக்கம். ஜமீனுக்கு உரியது மேல்வாரம். உழுகிறவருக்கு உரியது குடிவாரம். 1865-ம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன்தார் பட்டா கொடுக்க வேண்டும். குடியானவர் முச்சலிக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். பாக்கி விழுந்தால் பயிரையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஜமீன் ஜப்தி செய்யலாம்.

பட்டா ஆண்டுதோறும் எழுதுவதாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஜமீன் தரப்பு வக்கீல்கள் ஒரு வாதம் செய்தார்கள். பட்டா ஓராண்டுக்கு என்றால், குடியானவரின் உரிமையும் ஓராண்டுக்குத்தான் என்பது அந்த வாதம். ஓராண்டு முடிந்ததும் நிலத்தை விடச் சொல்லலாம். வாரத்தைக் கூட்டலாம். சம்மதம் இல்லாவிட்டால் வேறு ஆளைக் கொண்டுவரலாம்.

தனக்கு நிரந்தர உரிமை இருக்கிறது என்று குடியானவர் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். வீட்டில் ஓலை கிடையாது, பத்திரம் கிடையாது. ஜமீன் கச்சேரியில் கட்டுக் கட்டாகக் கணக்குகள் இருந்தன. அந்தக் கணக்கை எழுதியவர்களும் ஜமீன் ஆட்களே.

தெலுங்கு நாட்டில் வெங்கட நரசிம்ம நாயுடு என்ற ஜமீன்தாருக்கும் தண்டமூடி கோட்டய்யா என்ற குடியானவருக்கும் வழக்கு நடந்தது. ஐகோர்ட்டுக்கு அப்பீல் வந்தது. 1897-ம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் வெளியான அந்த வழக்கில் சுப்பிரமணிய அய்யர் எழுதிய தீர்ப்பு பிரசித்தி பெற்றது.

அவர் வழக்கை அடியிலிருந்து பார்த்தார். காட்டை வெட்டித் திருத்தி முதன்முதல் ஏர் பூட்டியவனுக்கே நிலத்தில் உரிமை என்பது நம் நாட்டின் பழைய சாஸ்திரம். அரசனுக்கு உரியது விளைச்சலில் ஒரு பங்கு மட்டுமே. அரசன் மண்ணுக்கே சொந்தக்காரன் அல்ல. அரசனிடம் இருந்து வரி வாங்கும் உரிமையைப் பெற்றவரே ஜமீன்தார். அரசனுக்கே இல்லாத ஒரு சொத்து அரசனிடம் இருந்து ஜமீன்தாருக்கு எப்படி வர முடியும்? இங்கிலாந்தில் பிரபுவுக்கும் குத்தகைக்காரனுக்கும் உள்ள உறவை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பது தவறு.

ஆகவே, ஜமீன் நிலத்தை உழுது வருகிறவரைச் சாதாரண வருஷக் குத்தகைக்காரர் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவரை வெளியேற்ற உரிமை உண்டு என்று சொல்கிற ஜமீன்தாரே அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு இப்படி இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியது.

படிக்கிறவருக்கு இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்குத்தான் அதன் பெருமை தெரியும். சாட்சியம் இல்லாவிட்டால் தோற்கிறவர் யார் என்பதே பாதி வழக்கு. அதுவரை தோற்று வந்தவர் குடியானவர்.

1899-ம் ஆண்டில் சீக்கட்டி ஜமீன் வழக்கிலும் ஐகோர்ட்டு இதே வழியில் தீர்ப்புச் சொன்னது. ஜமீன்தார்கள் சும்மா இருக்கவில்லை. வாதங்கள் பத்திரிகையிலும் சட்டசபையிலும் நடந்தன. முடிவில் 1908-ம் ஆண்டில் எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. ஜமீனில் குடிநிலத்தை அனுபவித்து வரும் குடியானவருக்கு அது நிரந்தர உரிமை. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், விற்கலாம். இனாம் நிலங்கள் சில பற்றித் தகராறுகள் தொடர்ந்தன. வாரம் அதிகம் என்ற புலம்பலும் ஓயவில்லை. ஆனாலும் குண்டாற்றுக் கரையில் 4 குறுக்கம் வைத்திருந்தவரை ஜமீன் ஆட்கள் வந்து சட்டென்று எழுப்பிவிட முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

சூறாவளி சுப்பய்யர் உயிரோடு இருந்து அந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? ஜமீனின் உப்பைத் தின்ற வீட்டில் பிறந்தவர் எழுதிய தீர்ப்பு அல்லவா அது!

பதவிகளும் பட்டங்களும்

சர்க்கார் அவரைக் கைவிடவில்லை. 1900-ம் ஆண்டில் சர் பட்டம் வந்தது. திவான் பகதூர் பட்டம் முன்பே வந்திருந்தது. 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தற்காலிகப் பிரதம நீதிபதியாக வேலை பார்த்தார். 1904-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பையும் ஏற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்.

1907-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். வயது 65. மயிலாப்பூரில் வாசம். கோவில் சொத்துக்கள் வீணாகாமல் காக்கும் வேலை, பிரம்மஞான சங்கத்தின் வேலை, வேதாந்த விசாரணை. பேரன் பேத்திகளோடு காலத்தை ஓட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவுக்குப் போன கடிதம்

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. இந்தியச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் கடல் கடந்து போனார்கள். 1916-ம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைச் சென்னையில் ஆரம்பித்தார். நம்மை நாமே ஆளும் உரிமை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. கவுரவத் தலைவராக இருக்கச் சுப்பிரமணிய அய்யர் சம்மதித்தார். ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்த ஒரு முதியவர் அந்த இயக்கத்துக்குத் தலைவர் ஆனது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை.

1917-ம் ஆண்டு ஜூன் மாதம் கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் சர்க்கார் அன்னி பெசன்ட்டையும், அவருடைய உதவியாளர்களான அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைத்தது. விசாரணை கிடையாது, கோர்ட்டு கிடையாது. வாழ்நாள் முழுவதும் சட்டத்தோடு பழகிய மனிதரின் மனம் கொதித்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம்தான் அமெரிக்கா போரில் குதித்திருந்தது. உலகில் ஜனநாயகத்தைக் காக்கவே போர் செய்கிறோம் என்று அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அறிவித்திருந்தார். அந்த ஜனநாயகத்தில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா? ஜனாதிபதியையே கேட்டுவிடுவது என்று சுப்பிரமணிய அய்யர் முடிவு செய்தார்.

ஜூன் 24-ந் தேதி அவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அயல் நாட்டு அதிகாரிகள் அயல் மொழியில் எங்களை ஆளுகிறார்கள் என்றார். அவர்கள் தங்களுக்குப் பெரிய சம்பளங்களை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் படிப்பைக் கொடுக்க மறுக்கிறார்கள் என்றார். எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போடுகிறார்கள், நாட்டுப் பற்றைப் பேசியவர்களைச் சிறையில் தள்ளுகிறார்கள் என்றும் எழுதினார். இந்தியாவுக்குச் சுயாட்சி கொடுத்தால் 3 மாதத்தில் 50 லட்சம் பேரும், மேலும் 3 மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவார்கள் என்றும் குறிப்பிட்டார். இந்தக் கணக்கு கொஞ்சம் அதிகம்தான். ஆவேசத்தில் எழுதியது.

தபாலில் போட்டால் கடிதம் கடலைத் தாண்டாது. போர்க்காலத் தணிக்கை அப்படி. ஆகவே அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹாட்ச்னர் என்ற அமெரிக்கரிடமும் அவர் மனைவியிடமும் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார். கடிதம் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே அது அச்சாகிப் பலர் கைக்கும் போனது. லண்டனுக்கும் செய்தி எட்டியது. சென்னை ஐகோர்ட்டில் பிரதம நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர், சர் பட்டம் பெற்றவர், பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி அன்னிய நாட்டு ஜனாதிபதியிடம் புகார் செய்திருக்கிறார்! வெள்ளைக்காரர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் மாதம் அன்னி பெசன்ட் விடுதலையானார். ஆண்டு முடிவில் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சுப்பிரமணிய அய்யரை நேரில் சந்தித்தபோது அந்தக் கடிதத்துக்காகக் கண்டித்தார். 75 வயது முதியவரை வீட்டுக்கு அழைத்த பையனைக் கண்டிப்பது போலக் கண்டித்தது அவரை மிகவும் புண்படுத்தியது. 1918-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் அந்தக் கடிதம் அடிபட்டது. அது வெட்கக்கேடான கடிதம் என்று அங்கே மாண்டேகு பேசினார்.

சுப்பிரமணிய அய்யர் பதில் சொன்னார். எழுதியதில் எதையும் வாபஸ் வாங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சர் பட்டமும் வேண்டாம், திவான் பகதூர் பட்டமும் வேண்டாம் என்று சர்க்காருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919-ம் ஆண்டில் மகாகவி தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய ஆண்டிலேயே மதுரைக்காரர் ஒருவர் அதைச் செய்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

அதன் பிறகு அவர் 6 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆன்மிகத்திலேயே நாட்டம் சென்றது. 1924-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ந் தேதி காலமானார். வயது 82.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948-ல், சென்னை சட்டசபை ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இராமநாதபுரம் ஜமீன் கிராமங்களும் சர்க்கார் வசம் வந்தன. நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு கிராமங்களுக்கு வந்தார்கள். குடிவார உரிமை உடையவர்கள் யார் யார் என்று விசாரித்து, அவர்கள் பெயருக்கே ரயத்துவாரி பட்டா எழுதிக் கொடுத்தார்கள். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல வீடுகளின் பெட்டியில் அந்தப் பட்டாக்கள் உண்டு. மடித்த இடம் கிழிந்து, ஓரம் பழுத்துப் போயிருக்கும்.